நெஞ்சு படபடக்குது, கடனும் கழுத்தை நெரிக்குது: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன், ஈஜிபுரா, எலக்ட்ரானிக் சிட்டி என்று எந்தப் பக்கம் கேட்டாலும் இந்தப் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. "கேஸ் ட்ரபுள்னு நினைச்சேன்." பிறகு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், கடன் ஆப், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் வரிசையாக வரும். உடம்பின் பதற்றத்துக்கு ஒரு வைத்தியம், கடனுக்கு வேறொரு வைத்தியம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதில்தான் தப்பு நடக்கிறது. படபடப்பை அடக்க இன்னொரு கடன் வாங்குகிறார்கள், கடனை மறக்கத் தூக்க மாத்திரை போடுகிறார்கள். கீழே உள்ள பதில்கள் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்கின்றன.

திடீர்னு நெஞ்சு அடைக்குது, மூச்சு முட்டுது, செத்துடுவேன் போல இருக்கு. இது மாரடைப்பா, பேனிக் அட்டாக்கா?

முதல் தடவை என்றால் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். ஈசிஜி எடுத்துப் பாருங்கள். 40 வயதைத் தாண்டியவர், சர்க்கரை அல்லது பிரஷர் உள்ளவர், புகைப்பவர், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இள வயதில் மாரடைப்பு வந்த குடும்பம் என்றால் யோசிக்கவே வேண்டாம். நெஞ்சில் கல்லை வைத்து அழுத்துவது போன்ற வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, படியேறும்போது வந்து உட்கார்ந்தால் குறைவது, இவையெல்லாம் இதயம் சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம். 108ஐ அழையுங்கள். பன்னேருகட்டா சாலையில் அரசின் ஜெயதேவா இதய மருத்துவமனை இருக்கிறது.

பேனிக் அட்டாக், அதாவது திடீர்ப் பதற்றத் தாக்குதல், சட்டென்று வரும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், 20, 30 நிமிடத்தில் வடிந்துவிடும். கூடவே விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு, தலை லேசாவது, நடப்பதெல்லாம் கனவு போலத் தெரிவது, "பைத்தியம் பிடிச்சிடுமோ" என்ற பயம் இருக்கும்.

ஈசிஜியோடு பிரஷர், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்எச் ஆகியவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். எல்லாம் நார்மல் என்று வந்தபிறகு வாரத்துக்கொரு ஈசிஜி எடுக்கப் போகாதீர்கள். ஒவ்வொரு முறையும் நிம்மதி இரண்டு நாள்தான் நிற்கும். மூன்றாம் நாள் "அந்த மெஷின் சரியா இருந்துச்சா?" என்று மனம் கேட்கும். ஆனால் வலியின் தன்மை மாறினாலோ, உழைக்கும்போது வலித்தாலோ கட்டாயம் மறுபடி காட்டுங்கள்.

ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னா, உடம்புல அப்படி என்னதான் நடக்குது?

புலியைக் கண்டால் ஓடுவதற்கு உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு, புலி இல்லாதபோது முழு வேகத்தில் இயங்குகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடுகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரத்துப்போவதும், கை மடங்கி இழுத்துக்கொள்வதும், தலை சுற்றுவதும் அதனால்தான். ஆக்ஸிஜனுக்குக் குறை எதுவும் இல்லை. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் பெரும்பாலும் 98, 99 காட்டும்.

மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயம் பலருக்கும் உண்டு. ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்தால்தான் மயக்கம் வரும். பேனிக்கில் பொதுவாக அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதனால் விழுவது அபூர்வம். இதைத் தெரிந்துகொண்டாலே பலருக்கு அடுத்த அட்டாக்கின் வேகம் குறைகிறது. "இதயம் வேகமா அடிக்குது" என்ற கவனிப்பும், "ஐயோ, அடுத்து என்ன ஆகுமோ" என்ற எண்ணமும் ஒன்றையொன்று ஏற்றிவிடுவதுதான் பேனிக்.

வந்துவிட்டால் அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

இருக்கும் இடத்திலேயே உட்காருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் வந்து நிறுத்துங்கள். மேம்பாலத்தின் மேல் நிறுத்த இடமில்லை என்றால் வேகத்தைக் குறைத்து இறங்கும் வரை போகலாம். பேனிக் பொதுவாக உங்கள் கைகால் கட்டுப்பாட்டைப் பறிக்காது.

முதலில் மூச்சை வெளியே விடுங்கள். பெரும்பாலோர் "நல்லா மூச்சை இழு" என்ற பேச்சைக் கேட்டு உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பார்கள், அதில் தலைசுற்றல்தான் கூடும். வாயை விசில் அடிப்பது போலக் குவித்து மெதுவாக முழுக்க விட்டபிறகு, மூக்கு வழியாக 4 எண்ணும் வரை சாதாரண அளவில் இழுங்கள், 6 எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு கணக்கு. வயிற்றில் ஒரு கை வையுங்கள், அந்தக் கை அசைய வேண்டும், தோள் ஏறக் கூடாது. 5 நிமிடம் தொடருங்கள். 6 வரை முடியவில்லை என்றால் 3க்கு 4 போதும். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம்.

காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய பழக்கம் வேண்டாம். உண்மையில் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து. நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பதும், கூகுளில் அறிகுறி தேடுவதும் தீயில் எண்ணெய்.

மூச்சு ஓரளவு பிடிபட்டதும் கண்ணுக்குத் தெரியும் 5 பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். தொடக்கூடிய 4, காதில் விழும் 3, மணம் 2, சுவை 1. பிறகு அட்டாக் வரும்முன் செய்துகொண்டிருந்த வேலையையே, மெதுவாகவேனும், தொடருங்கள். ஓடிவிட்டால் "ஓடினதால்தான் பிழைச்சேன்" என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும்.

இந்த மூச்சுப் பயிற்சியை நன்றாக இருக்கும் நாளில் காலையும் மாலையும் 5 நிமிடம் பழகியிருக்க வேண்டும். வெள்ளம் கழுத்துக்கு வந்தபிறகு நீச்சல் கற்க முடியாது.

பக்கத்தில் இருக்கும் மனைவி, அம்மா, நண்பர் என்ன செய்யலாம்?

"ஒண்ணுமில்லடா, பயப்படாதே" என்பது உதவாது. அவருக்கு ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. "இது அந்தப் படபடப்புதான், கொஞ்ச நேரத்துல அடங்கிடும், நான் இங்கயே இருக்கேன், என்கூட மூச்சு விடு" என்று தணிந்த குரலில் சொல்லி, நீங்களே மெதுவாக மூச்சு விட்டுக் காட்டுங்கள். கூட்டம் கூடாமல் பாருங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடங்கியபிறகு அன்றைக்கே "எதனால வந்துச்சு?" என்று குடைய வேண்டாம்.

மெட்ரோவில் ஒரு தடவை வந்தது. அன்றிலிருந்து ஏறவே பயம். ஆட்டோவுக்கே சம்பளம் போகிறது.

தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். படிப்படியாகத் திரும்பிப் போவதற்கு ஒரு ஏணி போட்டுக்கொள்ளுங்கள். பர்ப்பிள் லைனை உதாரணமாக எடுத்தால், முதல் நாள் அல்சூர் ஸ்டேஷனுக்குள் போய் பிளாட்பாரத்தில் 10 நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அடுத்து கூட்டமில்லாத மதிய நேரத்தில் டிரினிட்டி வரை, ஒரே ஸ்டேஷன். பிறகு எம்.ஜி. ரோடு, கப்பன் பார்க், மெஜஸ்டிக். கடைசியாகக் காலை ஒன்பது மணிக் கூட்டம். ஒவ்வொரு படியிலும் ஏறும்முன் பயத்துக்கு 10க்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துவைத்து, அது பாதியாகும் வரை அல்லது "இருக்கட்டும், தாங்குறேன்" என்று தோன்றும் வரை அதே படியில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வாரத்துக்கு 4, 5 தடவையாவது வேண்டும். மாதம் ஒரு தடவை போனால் ஒவ்வொரு முறையும் முதல் முறைதான்.

இங்கே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கதவோரம் மட்டுமே நிற்பது, பையில் தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் இல்லாமல் கிளம்பாதது, தெரிந்தவர் கூட வந்தால்தான் ஏறுவது. "இதெல்லாம் இருந்ததால்தான் தப்பித்தேன்" என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆரம்பத்தில் வைத்துக்கொள்ளலாம், போகப்போக ஒவ்வொன்றாக விட வேண்டும். மனநல ஆலோசகர்கள் இதையே சிபிடி என்ற பேச்சு சிகிச்சை முறையில், ஏறக்குறைய 8 முதல் 15 அமர்வுகளில் சொல்லித் தருகிறார்கள். வேண்டுமென்றே இரண்டு மாடி ஏறி இதயத்தை ஓடவிட்டு, "இது வெறும் படபடப்புதான்" என்று உடம்புக்குப் பழக்கும் பயிற்சியும் அதில் வரும்.

கடனை நினைத்தாலே கை நடுங்குகிறது. எங்கே தொடங்குவது?

காகிதத்தில் தொடங்குங்கள். தலைக்குள் இருக்கும் கடன் எப்போதும் உண்மையான கடனை விடப் பெரியது, அல்லது எங்கோ ஒளிந்துகொண்டு வளர்வது. மூச்சுப் பயிற்சி முடித்த கையோடு, பகல் வெளிச்சத்தில், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து கட்டம் போடுங்கள். யாருக்கு, அசல் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, எந்தத் தேதி, கட்டாவிட்டால் என்ன ஆகும். கைமாத்து, மகளிர் குழு, அடகுக்கடை, சீட்டு, கிரெடிட் கார்டு, ஆப் எதையும் விடாதீர்கள். வெட்கத்தால் விட்டுப்போகும் அந்த ஒன்றுதான் பெரும்பாலும் தூக்கத்தைக் கெடுப்பது.

"மூணு வட்டி" கேட்கச் சிறியதாக இருக்கும். 1 லட்சத்துக்கு மாதம் 3,000, வருடத்துக்கு 36,000, அசல் அப்படியே நிற்கும். கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டுவதும் ஏறக்குறைய இதே கதைதான். வங்கியை அழைத்து பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தரக் கேட்டால் வட்டி கணிசமாக இறங்கும்.

பணம் வந்ததும் வாடகை, அரிசி பருப்பு, கரண்ட், மருந்து, ஃபீஸ் முதலில். அடுத்து ஏல நோட்டீஸ் வந்த நகை. பிறகு எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தொகை, மிச்சம் இருப்பதை அதிக வட்டிக் கடனுக்கு. சத்தமாகக் கத்துகிறவருக்கு முதலில் கொடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கத்தலுக்கும் வட்டிக்கும் சம்பந்தமில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் கடன் வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். வங்கிக் கடனை செட்டில்மென்ட்டில், அதாவது குறைத்துப் பேசிய தொகையில், முடித்தால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது தெரியும் என்பதையும், கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற நோ டியூ சான்று எழுத்தில் வாங்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

வசூல்காரர்கள் காலை ஆறு மணிக்கே போன் செய்கிறார்கள். போன் அடித்தாலே அட்டாக் வருகிறது.

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவுப்படி, தவணை தவறிய கடனுக்காகக் காலை 8க்கு முன்பும் இரவு 7க்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டவோ, பொதுவில் அவமானப்படுத்தவோ, சொந்தக்காரர்களைத் தொல்லை செய்யவோ கூடாது. கர்நாடகத்தில் 2025இல் சிறுகடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது.

நடைமுறையில், தெரியாத எண்களுக்குத் தனி ரிங்டோன் வைத்து சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். ஒரு நாளில் ஒரு நேரம், மதியம் 12 முதல் 12.30 என்று வைத்து அப்போது மட்டும் பேசுங்கள். பேச வேண்டியது இரண்டே வாக்கியம்: "இந்த மாதம் 10ஆம் தேதி இவ்வளவு கட்டுவேன். மற்றதை மெயிலில் அனுப்புங்கள்." வாக்குவாதம் வேண்டாம், பொய்த் தேதியும் வேண்டாம். பொய்த் தேதி நெருங்க நெருங்கப் படபடப்பு கூடும். அழைப்புகளைப் பதிவு செய்துவையுங்கள். முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், தகவலுக்கு 14448. போட்டோவை ஆபாசமாக மாற்றி (மார்ஃபிங்) மிரட்டும் ஆப் என்றால் உடனே 1930 சைபர் குற்ற உதவி எண். வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் 112.

கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டுமே ஒருவரைச் சிறைக்கு அனுப்பாது. கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் அது வேறு, அதில் வழக்கு வரலாம். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் கட்ட அவகாசம் உண்டு, அதை அலட்சியம் செய்யாதீர்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அந்த உதவி கிடைக்கும்.

ஊரில் வீடு கட்டுகிறார்கள், தங்கை கல்யாணம் வருகிறது. "பெங்களூர்ல இருக்கே, உனக்கென்ன" என்கிறார்கள். எப்படி இல்லை என்பது?

உங்கள் சம்பளம் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். இங்கே வீட்டு அட்வான்ஸுக்கும் வாடகைக்கும் போவது தெரியாது. அந்தக் கணக்கை ஒரு முறை அப்பாவிடமோ அண்ணனிடமோ எண்களாகச் சொல்லிவிடுங்கள். "முடியாதுப்பா" என்றால் சண்டை வரும். "மாசம் 6,000 தான்ப்பா முடியும், 5ஆம் தேதி போட்டுடுறேன், அதுக்கு மேல தீபாவளி வரைக்கும் கேக்காதீங்க" என்பதில் தொகையும் தேதியும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் கோபம் வரும், அத்தை போன் செய்வார், அம்மா அழலாம். அப்போது தொகையை ஏற்றினால், அழுதால் கிடைக்கும் என்று ஆகிவிடும். போனில் பதில் வரவில்லை என்றால் "நாளைக்குச் சொல்றேன்ம்மா" என்று வைத்துவிடலாம். கேட்ட நொடியில் ஒத்துக்கொண்டவைதான் பிறகு வட்டிக்கு வாங்க வைக்கின்றன.

கடன் விஷயம் மனைவிக்குத் தெரியாது. சொன்னால் குடும்பம் உடைந்துவிடுமோ?

மறைப்பதற்கு ஆகும் உழைப்பே பாதிப் பதற்றம். போனைக் கவிழ்த்து வைப்பது, மெசேஜை அழிப்பது, வெளியே போய்ப் பேசுவது என்று உடம்பு நாள் முழுக்கக் காவல் நிற்கிறது. மேலே சொன்ன காகிதத்தோடு போய்ச் சொல்லுங்கள். மொத்தத் தொகையை ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும். பாதியைச் சொல்லி, மீதி அடுத்த மாதம் வெளிவந்தால்தான் நம்பிக்கை உடைகிறது. பிள்ளைகள் தூங்கியபிறகோ சாப்பாட்டு நேரத்திலோ வேண்டாம், ஞாயிறு காலை நல்லது. வீட்டில் அடிதடி ஆகும் என்ற பயம் இருந்தால் தனியாகச் சொல்லாமல், இருவரும் மதிக்கும் பெரியவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு, கணக்குப் போட்டுக்கொண்டே விடிகிறது.

மாலை 7 மணிக்கு 20 நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக "நாளைக்கு இதுக்கு ஒரு வேலை இருக்கா?" என்று கேளுங்கள். இருந்தால் அந்த வேலையை எழுதுங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள். இரவில் வந்தால் "நாளை ஏழு மணிக்கு" என்று தள்ளுங்கள். 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து மங்கிய வெளிச்சத்தில் துணி மடியுங்கள், கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள்.

காபி, சிகரெட், குடி?

காபியின் பாதி வீரியம் உடம்பில் 5 மணி நேரம் போல நிற்கும். மதியம் 2 மணிக்கு மேல் வேண்டாம். காலையிலும் ஒரு டம்ளரோடு நிறுத்திப் பாருங்கள். சட்டென்று விட்டால் தலைவலி வரும், இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். சிகரெட் அந்த நிமிடம் அமைதி தருவது போல இருக்கும், நாடித்துடிப்பை ஏற்றிவிடும். குடி அன்றிரவு தூங்கவைத்து மறுநாள் காலை இரட்டிப்பாகப் படபடக்க வைக்கும். தினமும் அதிகம் குடிப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவோமா?

இரண்டு வகையைக் குழப்பிக்கொள்கிறோம். எஸ்சிட்டாலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்துகள் இல்லை. குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, கொஞ்சம் கூடுதல் படபடப்பு வரலாம். "மாத்திரையால்தான் மோசமாச்சு" என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிடுவது இங்கேதான். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். நன்றாக ஆனபிறகும் பொதுவாக ஒரு வருடம் போலத் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். தாம்பத்தியத்தில் குறை தெரிந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. 25 வயதுக்குட்பட்டவருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

அல்பிரசோலம், குளோனசெபாம் வேறு வகை. அரை மணியில் அடக்கும், அதனாலேயே பழகிவிடும். சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பதற்கானவை. மதுவோடு சேர்த்தால் மூச்சு அடங்கிப்போகும் அபாயம் உண்டு. நண்பரின் மருந்துச் சீட்டில் வாங்காதீர்கள். மாதக்கணக்கில் எடுத்தவர் தானாக நிறுத்தவும் கூடாது.

பெங்களூரில் எங்கே போவது? செலவாகுமே.

செலவில்லாமல் தொடங்க டெலி மானஸ், 14416. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய மத்திய அரசின் மனநல போன் சேவை, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையில் இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை புறநோயாளிப் பிரிவு உண்டு. கூட்டம் அதிகம், காலையிலேயே போய் பதிவு செய்ய வேண்டும். முதல் நாள் அரை நாள் போகும், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். ஆதாரும், பிபிஎல் ரேஷன் கார்டு இருந்தால் அதுவும், பழைய ஈசிஜியும் மாத்திரைச் சீட்டும் எடுத்துச் செல்லுங்கள். தமிழ் தெரிந்த ஊழியர்கள் இருப்பார்கள், கேட்கத் தயங்க வேண்டாம். அங்கே போனால் "பைத்தியம்" என்ற பேச்சு வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். தலைவலிக்கும் வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும் வருகிறவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். பிடிஎம் லேஅவுட்டில் நிம்ஹான்ஸின் நலவாழ்வு மையமும் இருக்கிறது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தொழிலாளர்களுக்கும் குடும்பத்துக்கும் இந்திராநகர், ராஜாஜிநகர் ஈஎஸ்ஐ மருத்துவமனைகள் உண்டு. கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் பெண்கள் பலர் அந்த உரிமையைப் பிரசவத்துக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், அப்படியல்ல. உங்கள் சிகிச்சை விவரத்தை நீங்கள் வேலை செய்யும் ஆபீசுக்கு மருத்துவமனை சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

அம்மா காத்து கருப்பு என்கிறார், மந்திரிக்கச் சொல்கிறார்.

போய்விட்டு வாருங்கள். விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமை உட்கார்ந்தால் மனம் லேசாகிறது என்றால் அதுவும் நல்லதுதான். மருந்தை நிறுத்தச் சொல்பவர், அடிப்பவர், ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

செத்துவிட்டால் கடன் தீரும் என்று தோன்றுகிறது.

இந்த எண்ணம் வந்தால் இன்றே ஒருவரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். 14416 இரவிலும் எடுப்பார்கள். எப்படி, எப்போது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டால் தனியாக இருக்காதீர்கள். 112ஐ அழையுங்கள், அல்லது நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவுக்கு வாருங்கள், இரவு பகல் திறந்திருக்கும். வீட்டார் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்தி, ஒருவர் மாற்றி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். "அப்படி ஏதாவது நினைக்கிறியா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பேச வழிதான் கிடைக்கும். முயற்சி செய்தவர் மீது போலீஸ் வழக்கு வருமோ என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 சட்டம் எடுத்துக்கொள்கிறது.

ஆறு மாதம் நன்றாக இருந்தது, ஜூனில் ஃபீஸ் கட்டும்போது மறுபடி வந்துவிட்டது. எல்லாம் வீணா?

வீணில்லை. ஜூன், தீபாவளி, லீஸ் முடியும் மாதம், ஊர்த் திருவிழா என்று நெருக்கடி வரும் தேதிகள் முன்கூட்டியே தெரிந்தவை. அதற்கு இரண்டு மாதம் முன்பே கணக்குக் காகிதத்தைப் புதுப்பித்து, மூச்சுப் பயிற்சியைத் திரும்பத் தொடங்கி, மாத்திரை குறைப்பதாக இருந்தால் அந்த மாதத்தைத் தள்ளிப்போடும்படி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு அட்டாக் வந்தால் அதே வாரத்தில் மெட்ரோவில் ஒரு ஸ்டேஷனாவது போய்விட்டு வாருங்கள்.